ஐந்து துண்டு ஜாடி

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. அந்தத் தாள்களில் பதிந்திருந்த வட்டம் ஆரஞ்சு நிறமா, வெளிர் மஞ்சளா என்று இப்போது யாராவது கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். ரேடியோ அக்கா ஆரஞ்சு என்கிறார். அவர் நினைவை நம்பலாம். இருபத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதியவர். அங்கே வாயைத் திறக்கக் கூடாது என்பதால் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் ஓய்வு பெற்ற பிறகு என் துப்பறியும் அலுவலகத்தில் வைத்துச் செலவழித்துக்கொண்டிருந்தார். பெயர் வந்தது அப்படித்தான். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எங்கள் இருவரில் சம்பளம் வாங்குவதும் அவர், அதட்டுவதும் அவர்.

ஒன்று மட்டும் உறுதியாகத் தெரியும். அது பத்தொன்பதாவது நாள்.

பத்தொன்பது நாளுக்கு முன்னால், பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியில் கலந்துகொண்டாள். சிறுவர்களின் நினைவாற்றலைப் பற்றிய ஆராய்ச்சி அது. ஒலிபெருக்கியில் ஒரு கதை கேட்க வேண்டும், பிறகு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். காலையில் போனாள், மதியத்துக்குள் வீடு திரும்பினாள். அன்று சாயங்காலத்திலிருந்து அவள் பேசவில்லை.

எங்களை அழைத்தது அவள் அம்மா இல்லை, நர்ஸம்மா. பல்கலைக்கழகத்தில் எந்த ஆராய்ச்சி நடந்தாலும் அதை முதலில் படித்துப் பார்த்து அனுமதி கொடுக்க ஒரு குழு உண்டு. அந்தக் குழுவில் பல்கலைக்கழகத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவராவது இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒருவர்தான் இந்த ஓய்வு பெற்ற நர்ஸ். குழுவில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அம்மாவின் புகாரைக் குழு ஒரே கூட்டத்தில் பார்த்துவிட்டு, தாள்கள் எல்லாம் முறைப்படி இருப்பதாக எழுதி மூடிவிட்டது. நர்ஸம்மாவால் மூட முடியவில்லை.

"காகிதம் எல்லாம் சரியா இருக்கு தம்பி. முப்பது வருஷம் வார்டுல நின்னவ நான். எல்லாக் காகிதமும் சரியா இருக்குற நோயாளியை ஒரு நாளும் பார்த்ததில்ல," என்றார்.

அவருக்கு அவகாசம் இல்லை. அந்தப் பத்தொன்பதாவது நாளுக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தப் பெண்ணை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்க்க ஏற்பாடாகியிருந்தது. அதே பத்து மணிக்கு வேறு ஆறு பிள்ளைகள் ஆராய்ச்சி அறைக்குள் போக இருந்தார்கள்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நாங்கள் அதற்கு இரண்டு நாள் முன்பே போயிருந்தோம். ஓர் அறையும் ஒரு தடுப்பும் கொண்ட வீடு. அம்மா சீருடை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். மிச்ச வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து தைக்கிறார். இயந்திரத்துக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, தகர டப்பாவிலிருந்த பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள் மகள். நான் பதினொரு கேள்வி கேட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் அவள் உதடுகளை உள்ளே இழுத்துப் பூட்டிக்கொண்டாள், வாய் இருந்த இடத்தில் ஒரு கோடுதான் தெரிந்தது. விரல்கள் மட்டும் வேகமாகப் பொத்தான் பொறுக்கின.

அம்மா தன் பயத்தைப் பாதி வாக்கியமாகச் சொன்னார். "அந்த ரூம்ல எவனாச்சும் பாப்பாவை..." மீதியை இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றி முடித்தார். டாக்டர் பரிசோதித்துவிட்டு, உடம்பில் ஒன்றும் இல்லை என்றிருந்தார். அந்த வார்த்தை அம்மாவுக்கு ஆறுதல் தரவில்லை. எனக்கும் தரவில்லை.

வேறொன்றும் சொன்னார். பெண் சின்ன வயதிலிருந்தே அழுத்தக்காரி இல்லை, வாயாடிதான். இரண்டு வருடம் முன்பு அம்மாவுக்கு ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் இருந்த வேலை போயிற்று. இஸ்திரி போடும்போது ஒரு திரைச்சீலை கருகிவிட்டது. பக்கத்தில் நின்றவள் மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு ஏழு மாதம் வேலை கிடைக்கவில்லை. அந்த ஏழு மாதமும் மகள் கூடவே இருந்து பார்த்தாள். அப்போதுகூடப் பேச்சை நிறுத்தாத பெண் என்றார் அம்மா. நான் இதைக் குறிப்பேட்டில் எழுதினேன். எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது. நானும் பேசாத ஆள்தான். பேசாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்கு நிழலில் உட்கார்ந்த மாதிரி. அவள் அங்கே ஓய்வெடுக்கவில்லை, பாரம் சுமந்துகொண்டிருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

பத்தொன்பதாவது நாள் காலையில் நர்ஸம்மா மூலக் கோப்பையே கையெழுத்துப் போட்டு வாங்கி வந்து மேஜையில் வைத்தார். அதில் மூன்று தாள்கள். முதலாவது அம்மாவின் அனுமதி. இரண்டாவது அந்தப் பெண்ணே படித்துப் பார்த்துக் கொடுத்த சம்மதம். மூன்றாவது முடிவு விளக்கத் தாள். ஆராய்ச்சி எதைப் பற்றியது, ஏன் செய்தார்கள் என்பதைக் கடைசியில் பிள்ளைக்கு விளக்கிச் சொல்லி, அவள் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, கையெழுத்து வாங்க வேண்டும். அதில் 'நேரம் 11.40, தரைத்தளம், விளக்க அறை' என்று எழுதி, பெண்ணின் கையெழுத்தும் பேராசிரியரின் கையெழுத்தும் இருந்தன. முதல் இரண்டில் நேரம் 10.05, மூன்றாம் மாடி.

நான் தாள்களை வரிசையாகப் பரப்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரேடியோ அக்காவால் அவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியாது.

"தம்பி, முறைச்சா அது பேசாது. என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

"வட்டம்."

முதல் தாளின் வலது மேல் மூலையில் ஒரு டம்ளரின் அடி பதிந்திருந்தது. ஈர டம்ளர், பழச்சாறு டம்ளர். இரண்டாவது தாளிலும் அதே மூலையில் அதே வட்டம், கொஞ்சம் மங்கலாக. மூன்றாவது தாளில் பாதி வட்டம்தான், பிறை போல. ஆனால் அதே மூலை, அதே அளவு.

அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "பிள்ளைக்கு முதல்ல ஜூஸ் கொடுத்து உட்கார வச்சிருக்காங்க. சரி. அந்த டம்ளர் ஒன்றரை மணி நேரம் கழிச்சு மூணு மாடி இறங்கி வந்து, மூணாவது காகிதத்துலயும் அச்சு அசலா அதே மூலையில உட்கார்ந்துச்சா? எங்க கோர்ட்டுல பேர் கூப்பிடுற டவாலிக்குக்கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது."

பிறகு யாராவது மூடிய கோப்பின் மேல் டம்ளரை வைத்திருக்கலாமே என்று நர்ஸம்மா கேட்டார். அட்டையைத் திருப்பிக் காட்டினேன். அதில் ஒரு பொட்டுக் கறை இல்லை. மூன்று தாள்களும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே மேஜையில் இருந்தபோது ஈரம் ஊறி இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் கடைசியில் போட வேண்டிய கையெழுத்து ஆரம்பத்திலேயே வாங்கப்பட்டுவிட்டது. விளக்கம் சொல்லும் முன்பே, விளக்கம் கேட்டதாகக் கையெழுத்து.

நர்ஸம்மா நாற்காலியில் சாய்ந்தார். "ஆபரேஷனுக்கு முன்னாடியே டிஸ்சார்ஜ் எழுதுற மாதிரி," என்றார். 

கையெழுத்து முன்னாலேயே வாங்கியது சோம்பலாக மட்டும் இருக்கலாம். விளக்கத்தைப் பிறகு உண்மையாகவே சொல்லியிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள வாசலுக்குப் போனோம். பல்கலைக்கழகக் காவலாளி ஒவ்வொரு எழுத்தையும் தடவிக் கொடுப்பது போல எழுதுகிறவர். அவர் பதிவேட்டில் பத்தொன்பது நாளுக்கு முந்தைய பக்கம் தெளிவாக இருந்தது. அம்மாவும் மகளும் வெளியேறிய நேரம் 11.05.

விளக்கத் தாளின்படி, அவள் போய் முப்பத்தைந்து நிமிடம் கழித்து அவளுக்கு விளக்கம் சொல்லப்பட்டிருக்கிறது.

காவலாளிக்கு அவர்களை நினைவிருந்தது. பட்டறையில் மின்சாரம் போனதால் அந்த அம்மா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். உடனே திரும்ப வேண்டும் என்று அவசரப்பட்டார். இவர்தான் மூன்றாம் மாடிக்குத் தொலைபேசியில் சொல்லிப் பெண்ணைக் கீழே அனுப்பச் சொன்னார். "அந்தப் பாப்பா திரும்பித் திரும்பிக் கட்டடத்தையே பார்த்துக்கிட்டு போச்சு. ஏதாவது மறந்து வச்சிட்டியாம்மான்னு கேட்டேன். பதில் சொல்லல," என்றார்.

படியேறும்போது ரேடியோ அக்கா மூச்சு வாங்கியபடி கேட்டார். கதை கேட்டு, கேள்விக்குப் பதில் சொல்லும் ஆராய்ச்சியில், பாதியில் போனால்தான் என்ன? முடிவில் அப்படி என்ன விளக்கம் இருந்துவிடும்? எனக்கும் அதுதான் புரியவில்லை. கதை கேட்டதற்காக யாரும் பத்தொன்பது நாள் ஊமையாவதில்லை.

பேராசிரியர் மூன்று மணிவரை வகுப்பில் இருந்தார். நர்ஸம்மாவின் கடிதத்தைக் காட்டி அறையைத் திறந்தோம். கதவில் ஒரு கண்ணாடிச் சட்டம் இருந்தது. சிறுவரோடு பெரியவர் ஒருவர் தனியாக இருக்கும் எந்த அறையும் வெளியிலிருந்து தெரிய வேண்டும் என்ற விதிக்காகப் பொருத்தியது. அந்தக் கண்ணாடியின் மேலேயே, சரியாகக் கண் மட்டத்தில், பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள். 'சோதனை நடைபெறுகிறது. அமைதி காக்கவும்.'

"ஜன்னல் வச்சாங்க, போர்வையும் போட்டுட்டாங்க," என்றார் அக்கா.

உள்ளே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஓர் ஒலிபெருக்கி, சுவரோரம் அலமாரி. கதவுக்குப் பின்னால் கொக்கியில் பெருக்குகிறவர்கள் கட்டிக்கொள்ளும் சாம்பல் நிற மேலங்கி ஒன்று தொங்கியது, பக்கத்தில் துடைப்பம். மேலங்கி சலவை மடிப்புக் கலையாமல் இருந்தது. அலமாரியின் நடுத்தட்டில் தனியாக ஒரு பீங்கான் ஜாடி. நீல நிறம், முழங்கை உயரம், பார்க்க விலையுயர்ந்தது போல. வெறுமையான அறையில் அது மட்டும் விருந்தாளி மாதிரி இருந்தது.

எதையும் தொடக் கூடாது என்று ரேடியோ அக்காவிடம் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். நான் ஜன்னல் பக்கம் திரும்பிய நேரத்தில் அவர் ஜாடியைக் கழுத்தில் பிடித்துத் தூக்கியிருக்கிறார். கழுத்து மட்டும் கையோடு வந்தது. மீதி தரையில் விழுந்தது.

நான் திரும்பியபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. நீதிமன்றத்தில் கொலைகாரர்களைப் பார்த்துச் சலித்த மனுஷி. கையில் நீலக் கழுத்தோடு சின்னப் பிள்ளை மாதிரி நின்றார்.

"தம்பி, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்றார் மெதுவாக.

 அவர் கேட்டது எனக்குள் எங்கேயோ போய் விழுந்து, அதுவரை பார்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நகர்த்தத் தொடங்கியது. நான் குனிந்து துண்டுகளைப் பார்த்தேன். கழுத்தோடு சேர்த்து ஐந்து. சிதறல் இல்லை, தூள் இல்லை, ஒரு சில்லுகூட இல்லை. விளிம்புகளில் விரலை ஓட்டினேன். வழவழவென்று மெழுகு. அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு டப்பா நிறைய மெழுகுக் கட்டி.

"அக்கா, நீங்க உடைக்கல. இது உடையுறதுக்குன்னே வச்சது. தினமும் உடைஞ்சிருக்கு. ஒரே மாதிரி."

"தினமும் உடைக்கிறவளை யார் வேலைக்கு வச்சிருக்கா?" என்று அவர் ஆரம்பித்தார். பாதியில் அவர் பார்வை கதவுக்குப் பின்னால் தொங்கிய மேலங்கியில் நின்றது. ரேடியோ தானாக அணைந்ததை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

நான் அவரிடம் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பிள்ளை கதை கேட்டுக்கொண்டிருக்கிறது. பெருக்குகிற பெண் ஒருத்தி வருகிறாள். ஜாடி கை தவறி விழுகிறது. அவள் அந்தப் பிள்ளையிடம், அக்கா என்னிடம் கேட்டதையே கேட்கிறாள். யார்கிட்டயும் சொல்லிடாத. சொன்னா என் வேலை போயிடும். பிறகு பெரியவர் ஒருவர் வந்து, இங்கே என்ன நடந்தது என்று கேட்கத் தொடங்குகிறார். பிள்ளை எவ்வளவு நேரம் ரகசியத்தைக் காப்பாற்றுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. முடிவில் கீழே அழைத்துப் போய், எல்லாம் நாடகம், யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று சொல்ல வேண்டும்.

இந்தப் பெண்ணுக்கு அதைச் சொல்லவில்லை. அவளுக்கு ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. அம்மாவுக்கு வேலை போன ஏழு மாதத்தைப் பார்த்தவளிடம், ஒருத்தியின் வேலையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டார், அங்கே என்ன நடந்தது? டீச்சர் கேட்டார். டாக்டர் கேட்டார். எல்லோரும் அன்பாகக் கேட்டார்கள். கேட்கக் கேட்க அவள் இறுக்கிக்கொண்டாள். எதைப் பேச வாயைத் திறந்தாலும் கூடவே அதுவும் வந்துவிடும் என்று வாயையே மூடிவிட்டாள்.

நான் பதினொரு கேள்வி கேட்டிருந்தேன். அதில் நாலாவதோ ஐந்தாவதோ, 'அந்த ரூம்ல யாராச்சும் உன்கிட்ட எதையாவது சொல்லாதேன்னு சொன்னாங்களா?' அன்று அதைச் சாமர்த்தியமான கேள்வி என்று நினைத்திருந்தேன்.

மூன்று மணிக்கு வகுப்பு முடிந்து வந்த பேராசிரியர் மரியாதையான மனிதர். ஜாடியின் கழுத்தை மேஜையில் வைத்ததும் அவர் மறுக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை, எங்களை உட்காரச் சொன்னார். முடிவில் பிள்ளைகள் களைத்துவிடுகிறார்கள், பெற்றோர் அவசரப்படுகிறார்கள், அதனால் எல்லாக் கையெழுத்தையும் ஆரம்பத்திலேயே வாங்கிவிடுவது வழக்கம் என்றார். இவளைத் தவிர ஒரு பிள்ளையையும் விளக்காமல் அனுப்பியதில்லை என்றார். அன்று வாசலிலிருந்து அழைப்பு வந்தது, அனுப்பிவிட்டார், சாயங்காலம் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார், யாரும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அழைத்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அழைத்திருந்தால் விளக்கம் விட்டுப்போனதைக் குழுவுக்கு எழுத வேண்டும். எழுதினால் ஜாடியைப் பற்றிக் கேட்பார்கள். குழு அனுமதித்தது ஒலிபெருக்கிக் கதையை மட்டும்தான். ஜாடி அவர் பிறகு சேர்த்துக்கொண்டது. சின்ன மாற்றம் என்று நினைத்ததாகச் சொன்னார்.

அந்தப் பெண் பேசவில்லை என்று புகார் வந்தபோது உங்களுக்குக் காரணம் தெரிந்துவிட்டதா என்று கேட்டேன். 

"தெரிஞ்சுது. ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும்னு நினைச்சேன். இதுக்கு முன்னாடி யாரும் நாற்பது நிமிஷத்துக்கு மேல தாங்கினதில்ல." அவர் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கு அடியில் ஒரு வியப்பும் இருந்தது. "இவ பத்தொன்பது நாள்."

"நீங்களும் பத்தொன்பது நாள்தான் சார். உங்க பேரையும் பட்டியல்ல சேர்த்துக்கோங்க," என்றார் ரேடியோ அக்கா.

 எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெளியே நடைபாதையில் யாரோ நாற்காலிகளை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

இனி அந்தப் பெண்ணிடம் யார் போய்ச் சொல்வது? அம்மா சொன்னால் நம்ப மாட்டாள். பரவாயில்லை, எங்களுக்குத் தெரியும், நீ சொல்லலாம் என்று இந்தப் பத்தொன்பது நாளில் எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள். பூட்டியவள்தான் திறக்க வேண்டும். மேலங்கியைப் போட்டுக்கொள்வது யார் என்று பேராசிரியரிடம் கேட்டோம். உதவியாளராக இருந்த ஆய்வு மாணவி என்றார். 'இருந்த' என்று அவர் சொன்னதை அக்காதான் கவனித்தார்.

மாணவி இரண்டாம் மாடி நடைபாதையில் தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். இருபத்திநாலு, இருபத்தைந்து வயது இருக்கும். அன்று அவள் தன் பங்கை முடித்துவிட்டு ஜாடியோடு விளக்க அறையில் பன்னிரண்டு மணிவரை காத்திருந்திருக்கிறாள். பேராசிரியர் வந்து, பிள்ளைக்குத் தானே சொல்லி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அவளும் நம்பிவிட்டாள். புகார் வந்தது அவளுக்குத் தெரியாது. நேற்று நர்ஸம்மா கோப்பைக் கேட்டிருந்தார். இன்று மத்தியானம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. விளக்கத்துக்கு ஜாடியைக் கொண்டுவரத் தவறியதால் உதவியாளர் பணியிலிருந்து நீக்கம்.

நான் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவள் கையிலிருந்த புத்தகக் கட்டைக் கீழே வைத்தாள். அழவில்லை. "எத்தனை நாளாச்சு?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். மூன்றாம் மாடிக்கு ஏறிச் சாம்பல் மேலங்கியை எடுத்து வந்தாள், எங்களிடமிருந்த ஜாடித் துண்டுகளை வாங்கி அதில் சுற்றிக்கொண்டாள். அவளையும் அழைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம்.

வீட்டு வாசலில் அம்மாவைத் தனியாக அழைத்து எல்லாவற்றையும் முதலில் அவரிடம் சொன்னேன். அனுமதி கேட்டேன். அவர் மாணவியை மேலும் கீழும் பார்த்துவிட்டு வழிவிட்டார். கதவைச் சாத்த வேண்டாம் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். சாத்தவில்லை.

சாம்பல் நிற மேலங்கியைக் கண்டதும் முக்காலியில் இருந்தவள் எழுந்து நின்றுவிட்டாள். பொத்தான் டப்பா சாய்ந்தது. மாணவி நிலைப்படியிலேயே நின்றாள்.

"நான் உள்ள வரலாமா? வேண்டாம்னா தலையை ஆட்டினா போதும், போயிடுறேன்."

பெண் தலையை ஆட்டவில்லை. மாணவி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். துண்டுகளைப் பரப்பினாள். ஒவ்வொரு விளிம்பாக அழுத்தி ஒட்டினாள். ஜாடி எழுந்து நின்றது. கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் கீழே விட்டாள். ஐந்து துண்டு.

"இது உடையுறதுக்குன்னே செஞ்சது. அன்னிக்கு நான் வேணும்னேதான் கீழ விட்டேன். நான் அங்க பெருக்குற ஆள் இல்ல. நீ சொல்லுவியா மாட்டியான்னு பார்க்க உன்கிட்ட பொய் சொன்னோம். நீ சொல்லியிருந்தாலும் எனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. இதை அன்னிக்கே உன்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல."

பெண் மெல்ல வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்து விளிம்பிலிருந்த மெழுகை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு தானே ஒட்டத் தொடங்கினாள். நேரம் பிடித்தது. யாரும் உதவவில்லை. ஒட்டி, தூக்கி, விட்டாள். ஐந்து. மறுபடி ஒட்டினாள். மறுபடி விட்டாள். ஐந்து. மூன்றாவது முறைக்குப் பிறகு துண்டுகளை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

குரல் கரகரத்து, பாதி காற்றாக வந்தது.

"அப்போ உங்க வேலை போகலையா?"

நான் எவ்வளவோ மௌனங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஒன்றில் உட்கார முடியவில்லை. அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். போகலை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெண் பேசிவிட்டாள், காலையில் மருத்துவமனை வேண்டாம், எல்லாம் முடிந்துவிடும். அந்த இடத்தில் நானாக இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"போச்சு," என்றாள் மாணவி. "இன்னிக்கு மத்தியானம்."

அம்மாவின் கை வாய்க்குப் போனது.

"ஆனா நீ சொல்லிப் போகல. நீ யார்கிட்டயும் சொல்லல, எனக்குத் தெரியும். அன்னிக்கு நீ கீழ வரலன்னதும் நான் உன்னைத் தேடி வந்திருக்கணும். வரல. என் பக்கம் இருக்குற தப்பு அது. உன் பக்கம் எதுவும் இல்ல."

பெண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை பொய் எங்கே இருக்கிறது என்று தேடினாள் போல. தேடி முடித்து, மெல்லத் தலையசைத்தாள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, எங்கள் யாரையும் பொருட்படுத்தாமல், முதலிலிருந்து தொடங்கினாள்.

"அம்மா, அன்னிக்கு ஒரு அக்கா ஒரு ஜாடியை உடைச்சாங்க..."

அவள் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. நாங்கள் கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்தார். "நான் அன்னிக்கு சீக்கிரம் போனதாலயா சார்?" என்று கேட்டார்.  அக்காதான் அவர் கையைப் பிடித்து, பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அம்மாவுக்கு இதில் பங்கு கிடையாது, இருக்கிறதாக யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு என்றார்.

மறுநாள் பத்து மணிக்கு ஆறு பிள்ளைகளும் வந்தார்கள். நர்ஸம்மா வாசலிலேயே நின்று திருப்பி அனுப்பினார்.

ஆராய்ச்சி நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே கலந்துகொண்ட எல்லாப் பிள்ளைகளின் வீட்டுக்கும் குழு ஆள் அனுப்பி, தாளில் கையெழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் விளக்கத்தை மறுபடி சொல்லச் சொன்னது. பேராசிரியருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போனார். இப்போது பெரியவர்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறார். மாணவிக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு மருந்துக் கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்து, படிப்பை வேறிடத்தில் முடித்தாள். நர்ஸம்மா இன்னும் குழுவில் இருக்கிறார். மூன்றாவது தாள் இப்போது விளக்க அறையில் மட்டுமே இருக்கும், வேறெங்கும் எடுத்துப் போக முடியாது. கதவுக் கண்ணாடிகளில் எதுவும் ஒட்டுவதில்லை. அம்மா அதே பட்டறையில் தைக்கிறார். அந்தப் பெண்ணுக்கு இப்போது பதினேழு வயது. பேசுகிறாள், முன்பு போல வாயாடி இல்லை என்று அம்மா சொல்கிறார். எந்தத் தாளைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறாளாம். ரேடியோ அக்கா என்னிடம்தான் இருக்கிறார், எங்கே போனாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். ஜாடி என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. மெழுகு காய்ந்துவிட்டது. ஐந்து துண்டுதானா என்று எண்ணிப் பார்த்ததில்லை.